பதினோராம் நம்பரில் இரண்டு கார்டு

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் எதுவும் தப்பாது. அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், வாசல் கேட்டின் பூட்டு வரைக்கும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் என் மாமியார் உட்காருவார். என் கணவருக்கு அந்த வியாதி இரண்டு மடங்கு. அவர் அப்போது திருமுடிவாக்கத்தில், மின்சாரப் பேனல் பெட்டி செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே பூஜைக்கு முதல் நாள் மெஷின்களை அக்கக்காகக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டுவார்கள். வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் பொட்டு வைப்பது அவர்கள் கணக்கில் சாமியை ஏமாற்றுவது.

அந்த வருஷம் பூஜைக்கு நான் வீட்டில் இல்லை. ஏழாவது மாதம். விடுமுறை நாட்களில் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று படப்பையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விஜயதசமி முடிந்து தாம்பரத்துக்குத் திரும்பி வந்தபோது வீடே பளபளவென்று இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பிலும் அழகாக ஒரு பொட்டு. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் கம்ப்யூட்டரையும் ஆயுதமாக மதித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை அப்படிப்பட்டது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தை எழுதாமல் பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு வந்து சேரும். நாங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் செய்து அனுப்ப வேண்டும். கைகள் இரண்டும் கீபோர்டில் இருப்பதால், பேச்சை ஓட்டவும் நிறுத்தவும் காலுக்கு ஒரு பெடல் உண்டு. பாதி டாக்டர்கள் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். அதிலும் ஒரு வார்த்தைகூட விடாமல் பிடிப்பவள் என்று எனக்கு அங்கே பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

பூஜைக்கு முன்பே, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இனி விடியற்காலை வேனில் குலுங்கிக் குலுங்கிப் போகக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் விட்டுவிடுவேன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். முதல் பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் லீவு என்று வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தது தன் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. அப்படி ஒன்று எனக்கும் சத்தமில்லாமல் நடந்துவிடலாம்.

என் டீம் லீடர் நல்ல பெண்மணி. மேலிடத்தில் போய் வாதாடி எனக்காக ஒரு வழி பிடித்துக்கொடுத்தார். வீட்டிலிருந்தே வேலை செய்து பார்க்கட்டும். சோதனைக்கு ஒரு கட்டு ஃபைல் அனுப்புகிறோம். பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அலுவலகத்தில் செய்வது போலவே செய்து அனுப்பினால், குழந்தை பிறந்த பிறகும் அப்படியே தொடரலாம். அனுப்ப முடியாவிட்டால் பேச்சு முடிந்தது. வீட்டிலிருந்து வேலை என்பதை அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது என்று அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே பழசு. என் கணவரின் நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. ஆனாலும் படப்பைக்குக் கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் போனேன். ஃபோன் லைன் வழியாக இன்டர்நெட்டைப் பிடிக்க உள்ளே ஒரு மோடம் கார்டு. பேச்சைக் கேட்க ஒரு சவுண்ட் கார்டு. அந்த சவுண்ட் கார்டின் முதுகில்தான் கால் பெடலைச் செருக வேண்டும். மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன.

திரும்பி வந்த அன்று காலை, குளித்துச் சாப்பிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மோடம் வழக்கம்போலக் கத்திக் கூவி லைனைப் பிடித்தது. முதல் ஃபைல் இறங்கியது. ஹெட்போனை மாட்டிப் பெடலை மிதித்தேன். "தி பேஷண்ட் இஸ் எ..." என்றார் டாக்டர். பிறகு "எ... எ... எ... எ..." என்று நிறுத்தாமல் ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டார். மவுஸ் அசையவில்லை. கீபோர்டைத் தட்டினால் பதில் இல்லை. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் அவர் வாயை மூட முடிந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் "எ... எ... எ...". அந்த நோயாளி யார், என்ன வயது, என்ன கோளாறு, ஒன்றும் தெரியவில்லை. அந்த நாள் முழுக்க அப்படியே போயிற்று.

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தேன். அவர் உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஃபார்மேட் அடிச்சிடலாம் மேடம்."

"இன்னான்னு பாக்காமலே எப்படி சார் சொல்றீங்க?"

"எதுவா இருந்தாலும் அடிச்சிட்டா சரியாப் பூடும் மேடம். வைரஸ் கிய்ரஸ் எல்லாம் க்ளீன்."

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் மருந்து. காய்ச்சலுக்கும் அதுதான், கால் சுளுக்குக்கும் அதுதான். ஃபார்மேட் அடித்தால் எல்லாம் அழிந்து, மறுபடி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதற்கான சிடிகள் அந்த வெளிநாட்டு நண்பரோடு விமானம் ஏறிவிட்டிருந்தன. நான் முடியாது என்றேன். அவர் வருத்தப்படாமல் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினார். உள்ளே என்னென்ன கருவி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் பக்கம் அது. மோடத்தின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு ஆச்சரியக்குறி.

"பாத்தீங்களா, உள்ள சண்டை போட்டுகினு கீது. ஃபார்மேட்தான் மேடம்."

காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். ஆனால் சண்டை என்று அவர் சொன்னது என் மண்டையில் நின்றுவிட்டது. யாரோடு சண்டை? மஞ்சள் குறியின் மேல் தட்டி, அதற்குள் இன்னொன்றைத் தட்டி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மோடத்துக்குப் பதினொன்று. சவுண்ட் கார்டுக்கும் பதினொன்று.

அந்த நம்பர் எதற்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த விதத்தையே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் நாங்கள் ஒரு வருஷம் குடியிருந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல். பெல் அடித்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் எழுந்து ஓடுவோம், இல்லையென்றால் அவர்கள் போவார்கள் என்று இரண்டு பேருமே உட்கார்ந்திருப்போம். தபால்காரர் வெறுத்துப் போவார். கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு கார்டும் தனக்கு ஏதாவது வேண்டும்போது தன் நம்பரில் பெல் அடித்துக் கூப்பிடும். இரண்டு கார்டுக்கும் ஒரே பெல் என்றால், கூப்பிட்டது யார் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் திகைத்து நின்றுவிடுகிறது. சில இடங்களில் இரண்டும் அனுசரித்துப் போகுமாம். எங்கள் பெட்டியில் அந்தப் பெருந்தன்மை இல்லை.

நம்பரை மாற்றலாம் என்று பார்த்தால், அந்தப் பக்கம் என்னைத் தொடவே விடவில்லை. ஒரு குறுக்கு வழிதான் தெரிந்தது. சவுண்ட் கார்டை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டு, ஃபைலை இறக்குவது. பிறகு மோடத்தை அணைத்துவிட்டு, மறுபடி நிறுத்திப் போட்டு, டைப் செய்வது. அனுப்ப இன்னொரு முறை நிறுத்திப் போடுவது. அந்தப் பழம்பெட்டி ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் சோறு வடித்துவிட்டு வந்துவிடலாம். அதுவும் இரண்டில் ஒரு முறை நடுவில் நின்றுபோகும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கு ஒரே ஒரு ஃபைலைத்தான் முடிக்க முடிந்தது. மிச்சம் ஒரு கட்டு இருந்தது. கால் வீங்கிவிட்டது. தலை விண் விண் என்று தெறித்தது.

மாமியார் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"வுட்டுடும்மா. ஒடம்ப கெடுத்துக்கினு இன்னா வேல வேண்டிக்கீது?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் இதையே சொல்லுங்க அத்தை! இப்ப விட்டா அப்புறம் யாரு எனக்கு வேலை குடுப்பா? நான் அம்மா வீட்டுக்குப் போறப்ப நல்லா ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர். ரெண்டு நாள் நான் இல்லேன்னா இப்படியா ஆகும்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போகப் போனவர் வாசற்படியில் நின்று சொன்னார்:

"நாங்க ஒண்ணும் கெடுக்கலம்மா. உன் வேல நல்லா நடக்கணும்னுதான் உள்ள வரிக்கும் கயட்டித் தொடச்சி ஒவ்வொண்ணுத்துக்கும் பொட்டு வெச்சோம்."

எனக்கு மோர் புரையேறிவிட்டது.

"உள்ள வரைக்குமா?"

"ஆமா. அவன்தான் ஸ்க்ரூவ கயட்டி எட்த்துக் குட்த்தான். நான் காஞ்ச துணியிலதான் தொடச்சேன். தண்ணி படவே இல்ல."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் கணவர் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டேன்.

"கார்டெல்லாம் வெளிய எடுத்தீங்களாமே?"

"எடுத்தேன். அவ்ளோ தூசு இருந்துது. இப்ப பாரு, எப்படி இருக்குன்னு."

"எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சீங்களா?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அதைவிட நல்லா வெச்சிருக்கேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருந்துது. யாரு அசெம்பிள் பண்ணானோ தெரியல. சூடு எப்படிப் போகும்? எங்க பேனல்ல அப்படி வெச்சா இன்ஸ்பெக்‌ஷன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஒண்ண மேல்கோடி, ஒண்ண கீழ்கோடின்னு காத்தோட்டமா வெச்சேன்."

"அதுங்களுக்கு நம்பர் இருக்குங்க."

"நாலு ஓட்டையும் ஒரே மாதிரிதானே இருக்குது? எதுல சொருகினா என்ன?"

யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பார்வைக்கு நான்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம். ஆனால் எந்த ஓட்டையில் கார்டு உட்காருகிறதோ அதை வைத்துத்தான் அதற்கு நம்பர் கிடைக்கிறது. கார்டுகளைச் செருகும் அந்தப் பலகையில் மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும் ஒரே நம்பர் போலிருக்கிறது. சூடு படக்கூடாது என்று இரண்டையும் எவ்வளவு தூரம் விலக்கினாரோ, அவ்வளவு நெருக்கமாக ஒரே நம்பரில் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறார் என் புண்ணியவான்.

முதலில் எந்த ஓட்டைகளில் இருந்தன என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. பக்கத்துப் பக்கத்து ஓட்டை என்பது மட்டும் தெரியும். காபியைக்கூடக் குடிக்கவிடாமல் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னேன். மூடியைக் கழற்றியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. விசிறிக்கு ஒரு பொட்டு. கரண்ட் வரும் டப்பாவுக்கு ஒரு பொட்டு. மோடத்தின் நெற்றியில் ஒன்று, சவுண்ட் கார்டின் நெற்றியில் ஒன்று. உள்ளே ஒரு சின்னக் கோயிலே இருந்தது.

நான் குனியக்கூடாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் தரையில் ஸ்க்ரூ டிரைவரோடு. மாமியார் டார்ச் பிடித்தார், கூடவே மேற்பார்வையும்.

"கைய அங்க வெக்காதடா, பொட்டு அழியுது."

"அம்மா, பொட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் இன்னா அப்புறம்? சாமிக்கு வெச்சது."

முதலில் நடு ஓட்டைகள் இரண்டிலும் வைத்தோம். கரண்டை அணைத்து, கார்டைப் பிடுங்கி, மாற்றிச் செருகி, கரண்டைப் போட்டு, அந்தப் பெட்டி முனகிக்கொண்டு எழும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மோடத்தின் மஞ்சள் குறி போய்விட்டது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் இப்போது சவுண்ட் கார்டு வேறு எதனோடோ நம்பரைப் பங்கு போட்டுக்கொண்டு ஊமையாகிவிட்டது. என் கணவருக்கு உற்சாகம் குறையவில்லை. பட்டறைக்காரருக்கு ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழிதான். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதுவும் நடக்காவிட்டால் நாளை சாயங்காலம் டீம் லீடரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

"மேல ரெண்டுல வையுங்க. சவுண்டு முதல்ல, மோடம் அதுக்குக் கீழ."

"சூடாகுமேடி."

"ஆகட்டும். ஃபேனைத் திருப்பி வெச்சிக்கலாம்."

செருகினார். பெட்டி எழுந்தது. நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். மோடம், ஐந்து. சவுண்ட் கார்டு, பதினொன்று. மஞ்சள் குறி எங்கேயும் இல்லை. நம்பாமல் இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தேன். அப்போதும் ஐந்து, பதினொன்று.

லைனைப் பிடித்தேன். லைன் இருக்கும்போதே ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, பெடலை மிதித்தேன்.

டாக்டர் ஆங்கிலத்தில் மடமடவென்று பேசினார். அந்த நோயாளி ஒரு நடுத்தர வயதுக்காரராம். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறதாம். மூன்று நாட்களாக என்னைத் தவிக்கவிட்ட மனிதருக்கு இவ்வளவுதான் கோளாறு. காலை எடுத்தேன், நின்றார். மிதித்தேன், பேசினார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் பயந்துபோய் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எழுந்தார்.

"இப்ப என்ன ஆச்சு? ஓடுதே!"

"ஓடுதுங்க. அதுக்குத்தான்."

"ஓடுனா அழுவாங்களா?" என்று மாமியாரைப் பார்த்தார். மாமியார் டார்ச்சை அணைத்துவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார். மத்தியானம் அவரிடம் கத்தியது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் ஊற்றிய தோசைகளை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்தேன். ஒரு காலைத் தூக்கி வைக்க முக்காலி, பெடலை மிதிக்க இன்னொரு கால். வெளியே நல்ல மழை. லைன் அறுந்துவிடுமோ என்று ஒவ்வொரு ஃபைலையும் முடித்த கையோடு அனுப்பினேன். கடைசி ஃபைல் போய்ச் சேரும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. இரண்டு நாள் கழித்து டீம் லீடர் ஃபோன் செய்தார். திருத்தம் மிகவும் குறைவு, மேலிடத்தில் சரி என்றுவிட்டார்கள், வரும் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்துக்கொள் என்றார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பேசினால்தானே அவருக்குக் கேட்கும் என்பதுகூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். நான் லைனில் இருக்கும்போது கூடத்தில் யாராவது ஃபோனை எடுத்தால் எல்லாம் அறுந்துவிடும் என்று மாமியாரிடம் ஒரு முறை சொல்லியிருந்தேன். அவர் ஃபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண்மணியின் குரல் கேட்டது. அவருக்கு என் மேல் பிரியம் அதிகம். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று ஏதாவது செய்து கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்.

"அக்கா, மருமகளுக்கு முறுக்கு சுட்டாந்தேன். எங்க கீறா?"

"ஆபீஸ்ல கீறாம்மா."

"ஆபீஸா? போவக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாங்களே?" காலடிச் சத்தம் கதவுப் பக்கம் வந்தது. "உள்ள லைட்டு எரியுதே அக்கா. ரூம்லதானே கீறா?"

பெடலிலிருந்து என் கால் தானாகவே எழுந்துவிட்டது. காதில் டாக்டர் பாதி வார்த்தையில் நின்றார்.

"எரியட்டும். அவ ஆபீஸ்ல கீறா. சோத்து நேரத்துக்கு வருவா, அப்ப வந்து பேசு."

கதவுக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி முறுக்கை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போவது கேட்டது. நான் பெடலை மிதித்தேன்.